கம்பெனி வேனும் பணியிடம்தான்

விடிந்தும் விடியாமலும் குடியாத்தம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனி வேன்கள் ஆம்பூருக்குக் கிளம்பும். மடியில் சாப்பாட்டுப் பை, ஒரு சீட்டில் மூன்று பேர். அந்த வேனில் சூப்பர்வைசர் கண்ட இடத்தில் கை வைத்தால், "கம்பெனிக்குள்ள நடக்கலையே, எங்க போய்ச் சொல்றது?" என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். காண்ட்ராக்ட், தினக்கூலி, பயிற்சிக்கு வந்தவர் எல்லோரும் புகார் கொடுக்கலாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண், வெளியாள் ஒருவரும் இருப்பார். பத்துப் பேருக்குக் குறைவு என்றால், அல்லது முதலாளி மீதே புகார் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அதுதான். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் ஒன்றைக் கவனியுங்கள்: வீடு குடியாத்தமாக இருந்தாலும் வேலை ஆம்பூரில் என்றால், திருப்பத்தூர் மாவட்டக் குழுதான்.

பெரிய தடை வீட்டில்தான் இருக்கிறது. "தெரிஞ்சா நாளையிலிருந்து வேலைக்கே அனுப்ப மாட்டாங்க" என்ற பயத்திலேயே இரண்டு மாதம் ஓடிவிடும். ஆனால் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்; தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். பயந்து பயந்து வாழ்கிறவளுக்கு இந்தக் கெடு போதவே போதாது என்பது என் எண்ணம்.

எழுத வராதா? எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. புகார் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது. நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. விசாரணை முடியும்வரை அதே ஆளின் கீழ் வேலை செய்ய முடியாது என்றால், இடமாற்றமோ மூன்று மாதம்வரை லீவோ எழுதிக் கேளுங்கள். அந்த லீவு உங்கள் வழக்கமான லீவில் கழியாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

இன்றைக்கே புகார் கொடுக்கத் தைரியம் வரவில்லையா, சரி. தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள். யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181.