ஹெட்போன் ஜாக்கில் ஊசி விடாதீர்கள்

ஊக்கு, குண்டூசி, ஸ்டேப்ளர் பின், சிம் எடுக்கிற கம்பி, இவற்றில் எதையும் ஹெட்போன் ஜாக்குக்குள் விடாதீர்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த வாரமும் அப்படி ஒரு போன் என் சர்வீஸ் மேசைக்கு வந்தது. முதலில் ஒரு காதில் மட்டும் சத்தம் வரவில்லையாம். வீட்டில் ஊக்கை விட்டுக் கிளறியிருக்கிறார்கள். இப்போது இரண்டு காதிலும் இல்லை. ஹெட்போன் சொருகாமலேயே திரையில் ஹெட்போன் படம் வந்து நிற்கிறது. அழைப்பு வந்தால் எதிர்முனைக் குரல் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தேன். அடியில் இறுகிக் கிடந்த பஞ்சு கிடந்தபடியே கிடக்கிறது, பக்கத்தில் இருந்த தகடுகள்தான் வளைந்து போயிருக்கின்றன. பஞ்சை மட்டும் எடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை, ஜாக்கையே மாற்றும் வேலையாகிவிட்டது.

எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “வெறும் ஓட்டைதானே, உள்ளே என்ன இருக்கப் போகிறது?” இந்த நினைப்புதான் ஜாக்கைக் கெடுக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைக் உள்ள ஹெட்போனின் பின்னை, அதாவது போனில் சொருகும் முனையை, கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று வளையங்கள் அதை நான்கு உலோகப் பகுதிகளாகப் பிரித்திருக்கும். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு. மீதி இரண்டில் ஒன்று கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொதுவான இணைப்பு, இன்னொன்று மைக். 3.5 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த ஓட்டையின் பக்கச் சுவர்களில், இந்த நான்கையும் தனித்தனியே தொடுவதற்கென்று மெல்லிய தகடுகள் உள்பக்கமாக வளைந்து நிற்கின்றன. பின் உள்ளே போகும்போது அவை லேசாக விலகி, அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இவை போக, பின் உள்ளே வந்துவிட்டது என்று போனுக்குத் தெரிவிக்கவும் ஒரு தொடர்பு உண்டு. அது மாட்டிக்கொண்டால் போன் சத்தத்தையெல்லாம் இல்லாத ஹெட்போனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

வழவழப்பான உருண்டைப் பின்னுக்காக அளந்து செய்த தகடுகள் அவை. கூரான கம்பி உள்ளே போனால் தகட்டின் ஓரத்தில் மாட்டும். இழுத்தால் தகடும் கூடவே வரும். ஒரு தடவை அளவுக்கு மீறி வளைந்துவிட்டால் பழைய அழுத்தம் திரும்பி வராது. அதை வெளியிலிருந்து நிமிர்த்த எங்களாலும் முடியாது. மேல் முலாமும் கீறிப்போகும். கீறிய இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு பிடிக்கும். இத்தனை கெடுதல் நடந்த பிறகும் பஞ்சு வெளியே வந்திருக்காது. ஊசி அதைக் குத்தும், இன்னும் கீழே தள்ளும், அவ்வளவுதான்.

பஞ்சு எப்படிப் பழுது போலத் தெரிகிறது என்றும் பார்த்துவிடலாம். சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கிற நூல் துகள் ஓட்டைக்குள் சேர்கிறது. ஒவ்வொரு முறை ஹெட்போனைச் சொருகும்போதும் பின்னின் நுனி அதை அடியில் வைத்து இடிக்கிறது. நாளாக ஆக அது ஒரு வில்லையாகவே இறுகிவிடும். பின் கடைசிவரை இறங்காது. கொஞ்சம் முன்னால் நின்றாலும் தகடுகள் வேறு பகுதிகளைத் தொடும். ஒரு காது போகும், மைக் போகும், கரகரக்கும். முன்பு ‘டக்’கென்று உட்கார்ந்த பின் இப்போது அப்படி உட்காராமல், லேசாக இழுத்தாலே கையோடு வருகிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் பஞ்சின் மேல்தான்.

ஆனால் ஜாக்கைத் தொடுவதற்கு முன்னால் வேறு சிலவற்றைப் பாருங்கள். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். அதே ஹெட்போனை வேறு கருவியில் போட்டுப் பாருங்கள், வேறு ஹெட்போனை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். பல சமயம் கெட்டது ஜாக் இல்லை, பின்னுக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்த ஒயர். அப்புறம் போன் கவரைக் கழற்றுங்கள். தடித்த கவர் இருந்தால் பின் முழுவதும் இறங்காது. போனின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) பகுதிக்குப் போனால் இடது வலது சத்தத்தைச் சமன் செய்யும் கோடு ஒன்று இருக்கும். அது ஒரு ஓரமாக நகர்ந்திருந்தாலும் ஒரு காது மௌனம்தான். ப்ளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள். சத்தம் பக்கத்து அறை ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

இன்னொரு அடையாளமும் உண்டு, பலரைக் குழப்புவது. பாட்டில் இசை வருகிறது, பாடுகிறவர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. இது கிரவுண்டு சரியாகத் தொடாததன் அடையாளம். குரல் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். கிரவுண்டு விட்டுப்போனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், வேறுபாடு மட்டும் காதுக்கு வரும். பழைய ஹெட்செட் சிலவற்றில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அதைப் புதுப் போனில் போட்டாலும் இதேதான் நடக்கும். ஹெட்செட்டில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் சரியாகிவிடுகிறதா என்று பாருங்கள். ஆமென்றால் ஜாக்கில் ஒரு குறையும் இல்லை, ஹெட்செட்தான் பொருந்தவில்லை.

சரி, இத்தனையும் பார்த்தாயிற்று, பஞ்சுதான் என்று தெரிகிறது. போனை அணையுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஓட்டை கீழ் நோக்கும்படி போனைப் பிடித்து, கேமரா லென்ஸ் துடைக்கிறவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் சில முறை காற்றடியுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சு வரவில்லையா? கூர் இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை நடுவாக அடிவரை இறக்கி, அடியில் மட்டும் மெதுவாகச் சுழற்றி மேலே எடுங்கள். பக்கச் சுவரைச் சுரண்டவே கூடாது. பல் குத்தும் மரக்குச்சி நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும், அதுவும் வேண்டாம். இரண்டு மூன்று தடவைக்கு மேல் போராடாதீர்கள்.

திரவம் ஏதாவது விட்டே ஆக வேண்டும் என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மட்டும், அதுவும் 99 சதவீதம். நேரடியாக ஊற்றாமல் மெல்லிய தூரிகையில் தொட்டு, அணைத்த போனில் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். கைக்குத் தேய்க்கும் சானிடைசர், சென்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும், அடுத்த பஞ்சு அதில் ஒட்டி உட்காரும்.

தண்ணீர் பட்ட ஜாக் என்றால் அணைத்து, ஓட்டையைக் கீழ்நோக்கி வைத்துக் காய விடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசித் துகள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் போன்களுக்கான அறிவுரையில் எழுதியிருக்கிறது.

பின்னின் நுனி உள்ளே ஒடிந்துவிட்டால்? குச்சி முனையில் சூப்பர் குளூ வைத்து ஒட்டி இழுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேட்டுக்கொள்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ஒரு சொட்டுப் பசை தகட்டில் வழிந்தால் ஒடிந்த நுனியும் தகடுகளும் ஒன்றாக இறுகிவிடும். ஒடிந்ததை அப்படியே கொண்டு வாருங்கள், எடுக்க வழி இருக்கும்.

போனைத் திறந்து ஜாக்கை மாற்றுவது வீட்டு வேலை இல்லை. சில போன்களில் ஜாக் தனி ஃப்ளெக்ஸில், அதாவது வளையும் மெல்லிய இணைப்புப் பட்டையில் இருக்கும், சிலவற்றில் சார்ஜிங் போர்டில், சிலவற்றில் மெயின் போர்டிலேயே சால்டர் செய்திருக்கும். அங்கே சூட்டுக் காற்றடித்தால் ஜாக்கின் பிளாஸ்டிக் முதலில் உருகும். அதைவிட முக்கியம், பசை போட்டு ஒட்டிய பின்மூடியை நெம்பும்போது அடியில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ அதில் இறங்கினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். ஒரு ஹெட்போன் சத்தத்துக்காகக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். நீர் புகாத போன் என்றால், மூடியைத் திறந்த பிறகு சீல் புதிதாகப் போட்டால்தான் அந்தப் பாதுகாப்பைக் கொஞ்சமாவது எதிர்பார்க்கலாம்.

அவசரமாகப் பாட்டோ பாடமோ கேட்க வேண்டுமென்றால் ப்ளூடூத் ஹெட்செட் போதும். அல்லது சார்ஜிங் துளையில் சொருகும் அடாப்டர். வாங்கும்போது உள்ளே டிஏசி, அதாவது டிஜிட்டல் சிக்னலை ஹெட்போனுக்கான ஒலிச் சிக்னலாக மாற்றும் சிப், இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், வெறும் ஒயர் மட்டும் உள்ள வகை சில போன்களில் வேலை செய்யாது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்னென்ன உள்ளே விட்டீர்கள், எதை ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. ஊசி போனது தெரிந்தால் தகட்டை முதலில் பார்ப்போம், எண்ணெய் போனது தெரிந்தால் போர்டைக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. போனைத் திரும்ப வாங்கும்போது அங்கேயே ஹெட்போனைச் சொருகி இரண்டு காது, மைக், பொத்தான் மூன்றையும் சோதித்துப் பாருங்கள். கழற்றிய பிறகு திரையில் ஹெட்போன் படம் மறைகிறதா என்று பார்த்து, ஒரு அழைப்பும் பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.