‘உண்மையுள்ள சாட்சி’க்குள் ஜெயம் எப்படி நுழைந்தது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு சபை. பிரசங்கியார் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்ற தம்பி தமிழாக்கிக்கொண்டே வந்தார். வெளிப்படுத்தின விசேஷம் 2:13-க்கு வந்ததும் தயங்காமல் “ஜெயமுள்ள சாட்சி” என்றார். இதை நான் கேட்பது முதல் தடவையல்ல. மடியிலிருந்த வேதாகமத்திலோ “எனக்கு உண்மையுள்ள சாட்சியான அந்திப்பா” என்றே இருக்கிறது. அவன் கொல்லப்பட்டதும் அதே வசனத்தில்தான் வருகிறது.

சாட்சி வடசொல். கண்ணால் கண்டவன் என்று பொருள். மலாய்க்காரர் ‘சக்சி’ என்பதும் இதைத்தான். பழந்தமிழில் ‘கரி’: “இந்திரனே சாலுங் கரி” என்கிறது 25-ஆம் குறள். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் பொய்க்கரியாளரைப் புடைத்துத் தின்னும். இன்றைக்குக் கரி என்றால் சாத்தே இறைச்சி சுடுகிற கரிதான். அதை மீட்க முடியாது. ‘சான்று’ நல்ல தமிழ், ஆனால் ஆளைவிடத் தாளைத்தான் நினைவூட்டுகிறது. சாட்சியே இருக்கட்டும். கிரேக்க ‘மார்த்துஸ்’ சாட்சியில் தொடங்கி, நம்பிக்கைக்காக உயிர்விட்ட இரத்தசாட்சியில் போய் நின்ற சொல் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சிக்கல், சாட்சிக்கு முன்னால் வரும் ‘பிஸ்தோஸ்’ என்ற கிரேக்க அடைமொழியில். நம்பத்தக்க, சொன்ன சொல்லில் நிற்கிற என்று பொருள். ‘விசுவாசமுள்ள’ என்று போடலாமே என்பார்கள். நம் பிள்ளைகள் பள்ளிச் சபைகூடலில் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டை ஒப்புவிக்கும்போது பேரரசருக்குச் செலுத்துவது விசுவாசம். ஞாயிற்றுக்கிழமை அதே சொல்லுக்குக் கடவுள் நம்பிக்கை என்று பொருள். ஒரே சொல்லில் இரண்டும் குழம்பும். ‘உண்மையுள்ள’ குழப்பாது. மலாயின் ‘செத்தியா’வும் ‘சத்திய’த்திலிருந்து வந்ததுதான், அவர்களுக்கும் உண்மைதான் விசுவாசமாயிற்று.

அப்படியிருக்க ஜெயம் எங்கிருந்து வந்தது? ஆராதனையில் ஆளாளுக்கு எழுந்து கடவுள் தமக்குச் செய்ததைச் சொல்லும் சாட்சி நேரத்திலிருந்து வந்தது என்பேன். பதவி உயர்வு, புது மைவி கார், செராஸில் கொண்டோ வீடு. ஒவ்வொன்றுக்கும் அல்லேலூயா. அன்று ஒரு பாட்டி எழுந்து, “என் மகன் இன்னும் வூட்டுக்கு வரல. நான் ஜெபம் பண்றத நிறுத்தல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கீபோர்டுக்காரர் சும்மா ஒரு கட்டையை அமுக்கினார்.

ஜெயக் கட்சிக்காரர்கள் யோசுவா 1:8-ஐ நீட்டுவார்கள். பழைய ஆங்கில வேதாகமத்தில் அங்கே ‘நல்ல வெற்றி’தான். நம் பழைய மொழிபெயர்ப்போ “புத்திமானாயும் நடந்துகொள்ளுவாய்” என்கிறது. எபிரெய வினைக்கு இரண்டு பொருளும் உண்டு. நம்மவர்கள் புத்தியைத் தேர்ந்தார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் வேதத்தைத் திறக்காமல், ஆங்கிலத்தைக் காதில் வாங்கி வாயில் விடுகிறார்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்திலேயே “ஜெயங்கொள்ளுகிறவன்” வருகிறானே என்பது அடுத்த வாதம். வருகிறான், ஏழு சபைக்குமான கடிதங்களிலும் வருகிறான். எப்படி ஜெயித்தான் என்பதை 12:11 சொல்கிறது: ஆட்டுக்குட்டியின் இரத்தத்தாலும் சாட்சியின் வசனத்தாலும், தன் உயிரைப் பாராமல். அந்த ஜெயத்துக்குக் கொண்டோ கிடைக்காது. எரேமியா தீர்க்கதரிசி 40 ஆண்டு கத்தியும் எருசலேம் விழுந்தது. அவரை என்னவென்று சொல்வீர்கள், தோற்ற சாட்சி என்றா? 1 கொரிந்தியர் 4:2-இல் பவுல் உக்கிராணக்காரனிடம், அதாவது எஜமானின் பொருளைப் பார்த்துக்கொள்கிறவனிடம், எதிர்பார்ப்பது உண்மையாயிருப்பதை. அங்கே லாபக் கணக்கு இல்லை. நீதிமன்றத்திலும் வழக்கில் ஜெயிப்பது வக்கீல். சாட்சி கண்டதைச் சொல்லிவிட்டுக் கூண்டைவிட்டு இறங்குவான்.

ஆராதனை முடிந்து தே தாரிக் குடிக்கும்போது தம்பியிடம் கேட்டேன். கோபிக்கவில்லை, சிரித்தார்.

“உண்மையுள்ளன்னு சொன்னா யாரும் கைதட்ட மாட்டாங்க அண்ணே.”