மாரிக்கு முன் வைப்பர் மோட்டரைப் பூட்டுதல்

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான் வைப்பருக்கு வேலை. மற்ற மாதங்களில் அந்தச் சின்ன மோட்டர் வெயிலையும் உப்புக்காற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்களைப் புதுப்பிக்கும்போது கையில் வருவது ஓடித் தேய்ந்த மோட்டர் அல்ல, ஓடாமல் இறுகிய மோட்டர். "கொயில் எரிஞ்சு போச்சு" என்று தூக்கிப் போடுகிற பலவற்றில் கொயில் நன்றாகவே இருக்கும். கல்லாகிப்போன கிறீஸ்தான் குற்றவாளி.

இறுக்கம் ஏன் மோட்டரைக் கொல்கிறது? மோட்டருக்குள் கம்பிச்சுருளோடு சுழலும் பகுதியான ஆமேச்சர் தானே ஒரு சின்ன டைனமோ. பற்றறி தள்ளும் மின்னுக்கு எதிராக அதுவும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். உயர்தரப் பௌதிகவியலில் பின் மின்னியக்க விசை என்று படிப்பது இதைத்தான். வேகம் குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறையும், மின்னோட்டம் ஏறும், கம்பி சுடும், அதன்மேல் பூசிய வார்னிஷ் கருகும். ஆகவே பூட்டும் வேலையின் ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியது ஒன்றே: விரலால் சுற்றினால் இலேசாகச் சுழல்கிறதா?

அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இருப்பது லூக்காஸ் நிறுவனத்தின் டீஆர்2 அல்லது டீஆர்3ஏ வைப்பர் மோட்டர். இரண்டு துருவம், சுற்றுக் கம்பியாலான காந்தம், ஆமேச்சர் அச்சிலேயே வெட்டிய புரி, அது சுழற்றும் பற்சில்லு, கண்ணாடிக்குக் கீழே ஓடும் கேபிளை இழுத்துத் தள்ளும் தண்டு. கழற்ற முன்னரே மோட்டர் உடலிலும் கியர் பெட்டியிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கீறிவிட வேண்டும். உடல் அரைச்சுற்று மாறிப் பூட்டப்பட்டால் துருவங்கள் இடம் மாறி மோட்டர் எதிர்ப்பக்கம் சுழலும்.

கியர் பெட்டியை மண்ணெண்ணெயில் கழுவலாம். அச்சைத் தாங்கும் வெண்கலப் புஷ்ஷை அதில் போடக்கூடாது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கிறது. கழுவினால் அது போய்விடும், பிறகு அச்சு காய்ந்த உலோகத்தில் உரசும். புதுப் புஷ் என்றால் மெல்லிய என்ஜின் எண்ணெயில் 24 மணித்தியாலம் ஊறவிட்டே பூட்ட வேண்டும்.

ஆமேச்சருக்கு மின்னைக் கொடுக்கும் கார்பன் துண்டுகள்தான் பிறஷ். அவை உரசும் செப்பு வளையத்தைத் துப்புரவாக்கக் கண்ணாடித்தாள் போதும். எமரித் தாள் வேண்டாம். அதன் கடினத் துகள்கள் செம்பில் பதிந்து பிறஷ்ஷை அரைத்துத் தின்னும். செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் கரித்தூள் அடைந்திருந்தால் ஈர்க்குச்சி முனையைச் சீவிக் கிளறி எடுக்கலாம். பிறகு மீற்றரை வைத்துப் பாருங்கள். ஆமேச்சர் சுருளின் தடை 0.3 ஓம் அளவுதான், சாதாரண மீற்றரின் வயரே அவ்வளவு காட்டும். அதனால் எண்ணை நம்பாமல், அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே ஒரே வாசிப்பு வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். செம்புக்கும் அச்சுக்கும் இடையே இணைப்பே காட்டக்கூடாது.

பொறுமை வேண்டிய இடம் பிறஷ். இரண்டையும் ஒரு ஸ்பிரிங் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். விரித்துப் பிடித்தபடியே செப்பு வளையத்தின்மேல் இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கார்பன் மூலை உடைந்துவிடும். கம்பி வால்கள் ஆமேச்சரில் தட்டாதபடி ஒதுங்கியிருக்கவும் வேண்டும்.

பூட்டிய பின் அச்சின் முனையை அழுத்தும் ஸ்குரூ. தடை தெரியும்வரை மெதுவாக இறுக்கி, கால் சுற்றுத் திருப்பிவிட்டு நட்டைப் பூட்ட வேண்டும். ஆமேச்சர் முன்பின்னாக 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் அசைய வேண்டும். அசைவே இல்லாவிட்டால் சூடாகி விரிந்த அச்சு தானே இறுகி நிற்கும். கூடிவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் டக் டக் என்று இடிக்கும்.

கேபிளைக் கொழுவாமல், அம்பியர் மீற்றரைத் தொடராக வைத்து 12 வோல்ட் கொடுங்கள். சுமார் 3 அம்பியர் என்றால் நல்லது. 5 அம்பியர் என்றால் முனை ஸ்குரூவை மீண்டும் பார்த்து, புஷ்கள் நேர்கோட்டில் வருவதற்காக உடலின் முனையை மரச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டலாம். பெரும்பாலும் அதோடு மின்னோட்டம் இறங்கிவிடும். மோட்டர் இலேசாக ஓடியும் வண்டியில் இழுக்காவிட்டால் கோளாறு கேபிளில். அதை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பாருங்கள், 2.7 கிலோவுக்கு மேல் கேட்கக்கூடாது.

பொசிட்டிவ் எர்த்தில், அதாவது பற்றறியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்தபடி, வந்த பழைய மைனரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால் வைப்பர் தலைகீழாக ஓடாதா என்று பலர் பயப்படுவார்கள். ஓடாது. இந்த மோட்டரில் காந்தமும் கம்பிச்சுருளே என்பதால் முனைகள் மாறும்போது காந்தமும் ஆமேச்சரும் சேர்ந்தே மாறும், திசை அப்படியே இருக்கும். நிலைக்காந்தம் உள்ள பிந்திய மோட்டருக்கு இந்தச் சலுகை இல்லை.

வண்டியில் பூட்டி முதல்முறை சுவிட்சைப் போடும்போது கண்ணாடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். காய்ந்த கண்ணாடியில் றப்பர் ஒட்டி இழுக்கும், அப்போது மீற்றர் காட்டும் அம்பியர் மோட்டருடையதா கண்ணாடியுடையதா என்று பிரித்தறிய முடியாது.