பெல்ட் கத்தினால் ஸ்பிரே அடிக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்களிடம் அதிகம் சொல்லும் புகார்கள் இரண்டு. ஒன்று, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கீச்சென்று கத்துகிறது. இன்னொன்று, டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. பெரும்பாலும் முதலாவதைப் பல மாதம் பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாவது வந்த பிறகுதான் வண்டியைக் கொண்டுவருவார்கள். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்தத் தாமதம்தான். கத்தல் வந்தபோதே பார்த்திருந்தால் பல வண்டிகளில் சூடு வரை போயிருக்காது.

எஞ்சினுக்கு முன்னால் வெளியே ஓடும் பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப் எல்லாவற்றையும் சுற்றவைக்கிறது. ஆல்டர்னேட்டர் என்பது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம். பல எஞ்சின்களில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும். அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் வழுக்கினால் பம்ப் மெதுவாகச் சுற்றும், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓட்டம் குறையும், எஞ்சின் சூடாகும். தலைகீழாகவும் நடக்கும்: வாட்டர் பம்ப் கசிந்து அந்தக் கூலன்ட் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கிக் கத்தும். ஆனால் சில எஞ்சின்களில் வாட்டர் பம்பை ஓட்டுவது உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் பெல்ட்). அங்கே வெளி பெல்ட் கத்துவதால் சூடு வருவதில்லை, இரண்டுக்கும் காரணத்தைத் தனித்தனியாகத்தான் தேட வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று மேனுவலைப் பார்த்தோ மெக்கானிக்கைக் கேட்டோ முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஸ்டார்ட் ஆன சில நொடிகள் மட்டும் கத்தி நின்றால், ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்த சார்ஜை ஆல்டர்னேட்டர் திரும்ப ஏற்றுகிறது, அந்த லோடைத் தாங்க முடியாமல் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். ஏசி போட்டதும் கத்தினால் லோடு கம்ப்ரஸர் பக்கம், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது கத்தினால் பவர் ஸ்டீயரிங் பம்ப் பக்கம். கத்தலாக இல்லாமல் கர்ரென்று அரைக்கிற மாதிரி இருந்தால் அது பேரிங்.

பெல்ட்டா புல்லியா (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரமா) என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் வெறும் தண்ணீர் அடியுங்கள். சத்தம் அதிகமானால் பெல்ட் தளர்வாக இருக்கிறது, வழுக்குகிறது. சில நொடி அடங்கி மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. இதைச் செய்யும்போது தலைமுடி, சட்டைக் கை, தொங்கும் துணி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சினை அணைத்த பிறகுகூடத் திடீரென்று சுற்றலாம், அதன் அருகில் கையை விடவே விடாதீர்கள்.

"பெல்ட்டில் விரிசலே இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று பலர் கேட்பார்கள். பழைய ரக ரப்பர் பெல்ட்டுக்கு அந்தக் கணக்கு சரி. இப்போது வரும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் தேய்ந்தாலும் சீக்கிரம் விரிசல் விடுவதில்லை, வரிகள் மட்டும் டயர் பட்டன் தேய்வது போல மெல்லத் தேயும். பள்ளம் அகன்றுபோனதும் பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கி வழுக்க ஆரம்பிக்கும். பார்க்கும்போது புதுசு மாதிரியே இருக்கும்!

கத்தலை நிறுத்த பெல்ட்டில் அடிக்கும் பிசுபிசுப்பான பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: அடிக்காதீர்கள். சத்தம் கொஞ்ச நாள் நிற்கும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், காரணம் அப்படியே இருக்கும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கிச் சத்தத்தை நிறுத்துவதும் தப்பு, ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் அந்த இழுப்பில் சீக்கிரம் போய்விடும். நல்ல மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்பார். சொரசொரப்பும் ஆட்டமும் விரலுக்கே தெரியும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புது பெல்ட் போட்டாலும் கத்தும்.

அப்போது வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் உடலில் சின்னதாக ஒரு துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் போனால் கூலன்ட் அந்தத் துளை வழியாகத்தான் கசியும். கசிவு சின்னதாக இருந்தால் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும், தரையில் சொட்டு இல்லாமலும் போகலாம். துளையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ ஒரு காய்ந்த கறை மட்டும் கோடாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வெறும் பெல்ட்டை மாற்றி அனுப்பினால் புது பெல்ட்டும் அதே கூலன்ட்டில் நனையும்.

சூட்டுக்கு வருவோம். நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, சென்ஸர் பக்கம் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு). ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 106 டிகிரியில் கொதிக்கும், 15 பிஎஸ்ஐ மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் அதே கலவை சுமார் 129 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் போனால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, வெளியே கசிவே இல்லை, சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீலை) சோதிக்க வேண்டும்.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, ஸ்டீயரிங் கனத்து, முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓரம் கட்டி உடனே அணையுங்கள், அடுத்த பங்க் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அலுமினியம் ஹெட் வளைந்துவிடும். கொதித்த முள் திடீரென்று கீழே இறங்கினாலும் நிம்மதி வேண்டாம். கூலன்ட் முழுக்க வெளியேறி, சென்ஸர் காற்றில் நின்றாலும் முள் இறங்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, பீறிட்டு வரும் நீராவியில் முகமும் கையும் வெந்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், பிளாக்கோ ஹெட்டோ விரிசல் விடலாம்.

வேலை முடிந்து வண்டியை எடுத்து வந்த மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்க்கைப் பாருங்கள். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியதால் ஒருமுறை கொஞ்சம் குறைந்திருக்கலாம், கோடு வரை நிரப்புங்கள். அடுத்த சில நாளில் மறுபடி குறைந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. திரும்பப் போய் பிரஷர் டெஸ்ட் (கூலன்ட் பாதையில் அழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடும் சோதனை) செய்யச் சொல்லுங்கள்.