சைலன்சர்: அடக்குவதா, தணிப்பதா?

கோவையில் ஒரு லேத் பட்டறை. வாசலில் என் பழைய 350 சிசி புல்லட் நின்றது. "எக்சாஸ்ட் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும் அண்ணா" என்றேன். "சைலன்சர்தானே தம்பி, வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றார் பட்டறைக்காரர். வெள்ளிக்கிழமை போனபோது வண்டியின் பின்பாதியில் ஒரு புதிய உருளை பளபளத்தது. முன்பாதியில் துருவேறிய பழைய குழாய் அப்படியே இருந்தது. அவர் ஏமாற்றவில்லை. நான் சொன்னதும் அவர் கேட்டதும் ஒரே பொருள் என்று இருவருமே நம்பிவிட்டோம்.

அன்று தொடங்கியது இந்தச் சொல் தேடல்.

நம் ஊரில் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய் முழுவதற்கும் 'சைலன்சர்' என்றே பெயர். "சைலன்சர் காலைச் சுட்டுவிட்டது" என்று சொல்பவரைச் சுட்டது பெரும்பாலும் அதன் முன்னால் இருக்கும் பெண்ட் பைப்தான். உறுப்பின் பெயர் உடல் முழுவதற்கும் ஆகிவந்தது தமிழுக்குப் புதிதல்ல. சினையாகுபெயர் என்று இலக்கணத்தில் இடமே உண்டு. வெற்றிலை நட்டான் என்றால் கொடியை நட்டான் என்று பொருள் கொள்கிறோம். ஆனால் குழாயை வெட்டி ஒட்டும் வேலையில் ஆகுபெயர் உதவாது. அங்கே எந்த உறுப்பு என்று சொல்லியாக வேண்டும்.

'எக்சாஸ்ட்' லத்தீனில் பிறந்த சொல். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'ஹவுரிரே' என்றால் நீரை மொண்டு இறைத்தல். ஆகக் கிணற்றை இறைத்து வற்ற வைப்பதுதான் இதன் மூலப்பொருள். களைத்துப்போனவரை ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பதும் அதனால்தான். உள்ளே இருந்ததெல்லாம் இறைத்துத் தீர்ந்துவிட்டது. ஏற்றம் இறைத்த நாட்டுக்காரனுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை. எரிந்து முடிந்த வாயுவை எஞ்சின் உருளையிலிருந்து இறைத்து வெளியே கொட்டினால்தான், அடுத்து வரும் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக்கலவைக்கு இடம் கிடைக்கும்.

'சைலன்சர்' வேறு குடும்பம். பேசாமலிருத்தலைக் குறிக்கும் லத்தீன் 'சிலேரே'யிலிருந்து வந்தது. வகுப்பில் ஆசிரியர் மேசையைத் தட்டிச் சொன்ன 'சைலன்ஸ்' இதன் உடன்பிறப்பு. வாகனத்தின் ஒலிதணிக்கும் உறுப்பைப் பிரிட்டிஷார் சைலன்சர் என்பார்கள், அமெரிக்கர்கள் மஃப்ளர் என்பார்கள். ஆங்கிலேயர் ஆண்ட நாடு என்பதால் நமக்கு முதல் சொல் வாய்த்தது. மஃப்ளரும் தமிழுக்கு வந்தது, ஆனால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் துணியாக. இரண்டுக்கும் வேர் ஒன்றே: கைக்கு மாட்டும் தடித்த உறையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'மூஃப்ல்'. துணியால் பொத்தினால் குரல் மங்கும் அல்லவா? அமெரிக்கர்களுக்குச் சைலன்சர் என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். துப்பாக்கிக்கான சைலன்சரை 1909இல் காப்புரிமை பெற்று விற்றவர் ஹைரம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன்! எஞ்சின்களின் இரைச்சலைக் குறைக்கவும் அவர் கருவிகள் செய்தார்.

இப்படிப் புதிதாகச் செய்து வாங்குவதைக் 'கஸ்டம் எக்சாஸ்ட்' என்பார்கள்; அந்தக் 'கஸ்டம்' என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். வழக்கம் என்ற பொருளில் பிறந்து, வழக்கமாக வரும் வாடிக்கையாளரைத் தொட்டு, அவர் சொற்படி செய்து தருவது என்ற பொருளுக்கு வந்த சொல். தையற்கடையில் இதைத்தான் 'அளவெடுத்துத் தைப்பது' என்கிறோம். கஸ்டம் எக்சாஸ்ட் என்று எழுதினால் கஷ்டம் என்று படிக்கிறார்கள். செய்து பார்த்தவன் என்ற முறையில் திருத்த மனம் வருவதில்லை.

பின்பாதியை மட்டும் மாற்றிய என் வண்டிக்கு என்ன ஆயிற்று? சத்தம் கூடியது, இழுவை குறைந்தது. மூன்றாம் கியரில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்த மேட்டில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆக்சிலரேட்டர் கைப்பிடியைத் தளர்த்தினால் பட் பட்டென்று பின்வெடி. குழாயும் உருளையும் சேரும் இடத்தில் காற்று கசிந்து, எரியாமல் வந்த கலவை குழாய்க்குள்ளேயே தீப்பற்றியது. புகைக்குத் தடை குறைந்த 'ஃப்ரீ ஃப்ளோ' சைலன்சர் போட்டால் வேகம் கூடும் என்று என்னை யார் நம்ப வைத்தார்கள் என்று நினைவில்லை.

குழாய் என்பது வெறும் வடிகால் அல்ல. வெளியேற்று வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. வெளிக்காற்றில் வினாடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, குழாயின் சூட்டில் சுமார் 500 மீட்டர் போகும். திறந்த முனையை அடைந்ததும் அந்த அலை தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. ஒரு மீட்டர் குழாயில் போய்வர 4 மில்லி வினாடி. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினுக்கு ஒரு சுற்று 20 மில்லி வினாடி. உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்று வால்வும் ஒருசேரச் சற்றே திறந்திருக்கும் அந்தச் சிறுபொழுதில் உறிஞ்சலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக்கலவையையும் உள்ளே வரவழைக்கும். நேரம் தவறினால் எதிர்வேலை செய்யும். குழாயின் நீளமும் விட்டமும் இதற்காகவே கணக்கிடப்படுகின்றன. இறைத்தல் என்ற வேர்ப்பொருள் எவ்வளவு சரியானது என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

இந்த அலையை இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினுக்குப் பழக்கி எடுத்தவர்களில் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடன். அவர் செம்மைப்படுத்திய விரிவறைக் குழாய், எலியை விழுங்கிய பாம்பு போல நடுவில் பருத்திருக்கும். விரியும் பகுதி உறிஞ்சலையைத் திருப்பி அனுப்பும். குறுகும் பகுதி அழுத்த அலையைத் திருப்பி, தப்பி வெளியே வந்த புதுக்கலவையை மீண்டும் எஞ்சின் உருளைக்குள் தள்ளும். 1961இல் எம்இசட் பந்தய அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, இந்த ரகசியத்தோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு 50 சிசி மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு குழாயின் வடிவத்துக்காக இவ்வளவு நடந்திருக்கிறது.

மறுபடி பட்டறைக்குப் போனேன். இம்முறை தாளில் படம் வரைந்து கொண்டுபோனேன். குழாயை வளைக்கப் பட்டறைக்காரர் பழைய முறையைக் கையாண்டார்: உலர்ந்த மணலைக் குழாய்க்குள் இறுக நிரப்பி, இரு முனையையும் அடைத்து, செக்கச்சிவக்கக் காய்ச்சி மெல்ல வளைப்பது. மணல் உள்ளிருந்து தாங்குவதால் வளைவு நசுங்காது. மணலில் ஈரம் இருக்கக் கூடாது. நீராவி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். அவர் மணலை முதலில் இரும்புச் சட்டியில் வறுத்தெடுத்தார். பொரிகடலை வாசனை வராத குறைதான். துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகளை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கானைச் செலுத்தினார். அதை விட்டுவிட்டால் உட்புற ஒட்டு, கருகிய சர்க்கரைப் பாகு போலப் பொருபொருவென்று ஆகிவிடுமாம். மாதிரிக்கு ஒரு துண்டை அப்படியே ஒட்டி அறுத்துக் காட்டினார். விரலால் தேய்த்தால் உதிர்ந்தது.

இனி தமிழ்ச் சொல். அகராதிகளும் செய்தித்தாள்களும் அதிகம் கையாள்வது 'ஒலியடக்கி'. நல்ல சொல்தான், ஆனால் சைலன்சர் சொல்லும் அதே பொய்யை இதுவும் சொல்கிறது. அடக்கினால் ஒலி இருக்கக் கூடாது. சட்டம் இன்னும் கவனமாகப் பேசுகிறது: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, விரிவறையாலோ வேறு வகையாலோ, வெளியேறும் வாயுவின் இரைச்சலை இயன்றவரை குறைக்கும் சாதனத்துக்கே சைலன்சர் என்று பெயரிடுகிறது. குறைக்கும் என்கிறதே தவிர ஒழிக்கும் என்று சொல்லவில்லை. அந்த அளவைக்கூட விட்டுவிட்டு, சைலன்சருக்குள் ஒலியைக் குறைக்கும் தடுப்புத் தகட்டைப் பிடுங்கி எறிந்தவருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் காத்திருக்கிறது.

ஆகவே என் தேர்வு 'தணி'. தாகம் தணியும், சினம் தணியும், சூடு தணியும். முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலைதான் தணிகை என்பார்கள். தணிந்த பின்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்பதை இந்த வினை மறைப்பதில்லை. இந்த உருளைக்குள் நடப்பதும் அதுதான்: ஓட்டைக் குழாயும் கண்ணாடி இழையும் அறைகளும் சேர்ந்து வாயுவின் வேகத்தையும் வெப்பத்தையும் ஓசையையும் ஒருங்கே தணிக்கின்றன. ஒலிபெருக்கி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதற்கு எதிர்ச்சொல்லாக 'ஒலிதணிப்பான்' இயல்பாகவே வந்து உட்காருகிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால் ஒலிபெருக்கியைப் போலவே இதிலும் ஒற்று மிகாது.

முழு அமைப்புக்கு? 'புகைபோக்கி' என்பார்கள் சிலர். அடுப்படிக்கும் செங்கல் சூளைக்கும் உரிய சொல் அது. உயரமாக நிமிர்ந்து நிற்கும் உருவம் மனத்தில் எழுகிறது. வால்வுக்கு 'ஓரதர்' என்றொரு கலைச்சொல் உண்டு. அதர் என்றால் வழி. ஒரு திசைக்கு மட்டும் வழிவிடுவது ஓரதர். அந்தப் போக்கிலேயே எக்சாஸ்ட்டைப் 'புகைவழி' என்று சொல்லிவிடலாம். வளைகுழாய், தடுப்புத் தகடு, ஒலிதணிப்பான் எல்லாம் அந்த வழியில் வரும் ஊர்கள்.

வேலை முடிந்து வண்டியைக் கிளப்பினோம். மெதுவோட்டத்தில் நிமிடத்துக்கு 900 சுற்று; இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, அதாவது வினாடிக்கு ஏழெட்டு வெடிப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தது, ஆனால் உறுத்தவில்லை. வளைகுழாயின் கழுத்தில் வைக்கோல் மஞ்சள் படர்ந்து, ஊதாவாகி, நீலமாக மாறிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரரிடம் புகைவழி, ஒலிதணிப்பான் என்று கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், நன்றாக இருக்கிறது தம்பி என்றார், காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ரசீதில் எழுதினார்: சைலன்சர், முழு செட், 1.