கோர்ட்ஷிப் கால்: துணைபயிர் ஒலி

பவளப்பாறை மீன்களைப் பற்றிப் படிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஆங்கிலக் கலைச்சொல் 'கோர்ட்ஷிப் கால்' (courtship call). ஆண் மீன், பெண் மீனைத் தன் இடத்துக்கு வரவழைக்க எழுப்பும் ஒலி என்று பொருள். தமிழில் இதைப் பெரும்பாலும் 'இனச்சேர்க்கை அழைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது ஏன் பொருந்தாது என்பதற்கு ஒரு மீனைப் பார்த்தால் போதும்.

கரீபியன் கடலிலும் புளோரிடா கரையோரமும் வாழ்கிறது இருநிற டாம்செல் மீன். பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது. உடலின் முன்பாதி கறுப்பு, பின்பாதி வெளுப்பு. ஆண் மீன் பாறையிடுக்கிலோ காலிச் சங்குக்குள்ளோ ஓர் இடம் பிடித்துச் சுத்தம் செய்து வைத்திருக்கும். விடியும் நேரத்தில் அதன் ஆட்டம் சூடுபிடிக்கும். கொஞ்சம் மேலே நீந்தி ஏறும். சட்டென்று தலைகீழாகக் கீழே பாயும். பாயும்போதே 'டக் டக் டக்' என்று மூன்று துடிப்பாக ஒலி எழுப்பும். மறுபடியும் ஏறும், மறுபடியும் பாயும். பெண் மீன் வந்து முட்டைகளை அந்த இடத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண் அவற்றைக் கருவுறச் செய்து, குஞ்சு பொரிக்கும்வரை காவல் காக்கும். இரண்டு உடல்களும் சேர்வதே இல்லை. அப்புறம் எங்கே இனச்சேர்க்கை?

இந்த ஒலியின் பொருளைப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் மயாமி பல்கலைக்கழகத்தின் ஆர்தர் மிர்பெர்க். உடல் பெரிதாக இருந்தால் ஒலியின் சுருதி தாழும். பெண் மீன்கள் அந்தத் தாழ்ந்த ஒலியையே நாடுகின்றன என்று 1986-இல் அவரும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். 1991-இல் வந்த இன்னோர் ஆய்வு, ஓயாமல் ஆடி அழைக்கும் ஆணே முட்டைகளையும் நன்றாகக் காக்கிறது என்று சொன்னது. ஆக, பெண் மீனுக்கு இந்த அழைப்பு தகப்பனைத் தேர்ந்தெடுக்க உதவும் சேதி.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கோர்ட்' என்பதன் மூலம் லத்தீனில் சுற்றி அடைத்த முற்றத்தைக் குறித்த சொல். அது பிரெஞ்சு வழியாக அரசவை ஆயிற்று. அவையில் பணிந்து இனிமையாகப் பேசி அனுகூலம் தேடுவது, பின்னர் பெண்ணின் மனத்தைக் கவர முயல்வதற்கும் பெயரானது. உயிரியலாளர்கள் அந்தச் சொல்லை மனிதரிடமிருந்து எடுத்து விலங்குகளுக்குக் கொடுத்தார்கள். தமிழில் இதற்குத் 'துணைநாடல்' என்பது போதும். அரசவையை இங்கே இழுத்துவர வேண்டியதில்லை.

அதற்கான ஒலிக்கோ நம்மிடம் அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது: பயிர்தல். இன்று 'பயிர்' என்றால் நெல்லும் கம்பும்தான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் அதற்கு அழைத்தல் என்றும் பொருள் உண்டு. பறவையும் விலங்கும் துணையைக் கூப்பிடுவதைச் சொல்லப் புலவர்கள் இதைக் கையாண்டார்கள். குறுந்தொகையின் 16-ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, 'செங்காற் பல்லி தன்துணை பயிரும்' என்கிறார். கள்வர்கள் அம்பு முனையை நகத்தில் புரட்டிச் சோதிக்கும் ஓசையைப் போல அந்தப் பல்லி ஒலிக்கிறதாம். குறுகிய, உலர்ந்த, விட்டுவிட்டு வரும் ஒலி. டாம்செல் மீனின் துடிப்பொலியும் இதே இனம்தான் என்பதால் எனக்கு இந்தச் சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை.

ஆகவே 'துணைபயிர் ஒலி' என்றே எழுதலாம். துணையைப் பயிர்கின்ற ஒலி என விரியும் என்பதால் நடுவில் 'ப்' மிகாது; 'துணைப்பயிர்' என்று எழுதினால் ஊடுபயிர் மாதிரி விவசாயச் சொல்லாகிவிடும்.

மீன் எழுப்பும் எல்லா ஒலியையும் இந்தச் சொல்லில் அடக்கக் கூடாது. கீச்சான் என்று நம் மீனவர்கள் சொல்லும் மீனின் பெயரிலேயே கீச்சொலி இருக்கிறது. அது பிடிபட்டுக் கத்தினால் அதைத் துணைபயிர் ஒலி என்பது பொருந்தாது. கோமாளி மீனும் அப்படித்தான். தாடையைச் சடக்கென மூடும்போது பல்லோடு பல் மோதி அதன் ஒலி பிறக்கிறது என்று பெல்ஜியத்தின் எரிக் பார்மான்டியே குழு 2007-இல் கண்டறிந்தது. ஆனால் அது துணையை அழைக்க அல்ல. கடல் சாமந்தி (அனிமோன்) என்னும் பூப்போன்ற கடலுயிரிக்குள் இணையோடும் சிறு கூட்டத்தோடும் வாழும் அந்த மீன் யாரையும் தேடிக் கூப்பிட வேண்டியதில்லை. யார் பெரியவர் என்று காட்டவும், அத்துமீறி வருவோரை விரட்டவும்தான் அந்த ஒலி. அதற்கு 'மிரட்டொலி' சரியாக இருக்கும்.