ஹோலிஸ்டிக் தெரபியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குடியையோ போதைப்பொருளையோ விட நினைப்பவர்களுக்கு "ஹோலிஸ்டிக் தெரபி" தருகிறோம் என்ற விளம்பரங்கள் இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளிலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. இதைச் சிலர் இயற்கை மருத்துவம் என்கிறார்கள், சிலர் ஆன்மிகச் சிகிச்சை என்கிறார்கள். இரண்டுமே தவறு, ஆளையே கெடுத்துவிடக்கூடிய தவறு.

கிரேக்கத்தில் ஹோலோஸ் என்றால் முழுமை. அதை வைத்து ஹோலிசம் என்ற சொல்லை 1926இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தென்னாப்பிரிக்க அரசியல் தலைவர் ஜான் ஸ்மட்ஸ். புனிதம் என்று பொருள்படும் ஆங்கில 'ஹோலி'க்கும் இதற்கும் ஓசை மட்டும்தான் பொருத்தம். தெரபியும் கிரேக்கம்தான், அங்கே அதன் பழைய பொருள் பணிவிடை. நமக்கு இது புதிதில்லை, குறள் 950 மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் 'உழைச்செல்வான்', அதாவது கூடவே இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்பவர். தோட்டத்து வீடுகளில் அந்த நான்காவது ஆள் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா, அவர்களுடைய களைப்பை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அதனால் நான் முழுநலச் சிகிச்சை என்றே சொல்வேன், தனித்தமிழில் வேண்டுமென்றால் முழுநலப் பண்டுவம். உடம்பு, மனம், குடும்பம், வேலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. ஆலோசனை, தூக்கம், சாப்பாடு, யோகா, தியானம், மீண்டு வந்தவர்களின் துணை எல்லாம் இதில் வரும், மருந்தும் வரும். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுக்கும் திட்டம் மலேசியாவில் 2005இலேயே தொடங்கியது, அந்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மூச்சுப்பயிற்சி மட்டும் போதும் என்று ஒருவர் சொன்னால் அது முழுநலம் இல்லை.

சம்சு என்ற மலிவுச் சாராய விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், யோகாவெல்லாம் உடம்பு நிலைக்கு வந்த பிறகு. எந்த மையமாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே பதிவு பெற்ற டாக்டர் யார், இப்போது எடுக்கும் மருந்தை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?